புதிதாக வருபவர்களுக்கு டெர்மினலா, மவுஸா? எதை முதலில் சொல்லிக்கொடுப்பது?

#1 கோப்புக்காரி

வணக்கம். எங்கள் குழுவின் வேலை பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து, பெயரிட்டு, அடுக்கி வைப்பது. கையில் பல ஆயிரம் படங்கள் இருக்கின்றன. தேதி, ஆவண வகை, எழுதியவர் மூன்றும் ஃபைல் பெயரிலேயே வர வேண்டும். பெரிய படம் ஒவ்வொன்றிலிருந்தும் இணையத்துக்கு ஒரு சிறிய படம் எடுக்க வேண்டும். மூலப் படத்தை யாரும் தொடக் கூடாது.

குழுவுக்குள் இரண்டு கட்சி. ஒரு பக்கம் எல்லாவற்றையும் டெர்மினலில், அதாவது கமாண்டுகளைத் தட்டி வேலை வாங்கும் எழுத்துத் திரையில், செய்கிறார்கள், அடுத்தவருக்கு ஒன்றும் புரிவதில்லை. இன்னொரு பக்கம் எல்லாவற்றையும் கிளிக் செய்தே முடிக்கிறார்கள், ஒரே வேலை ஆளுக்கு ஒரு விதமாக வருகிறது. இப்போது புதிதாகச் சிலர் சேரப் போகிறார்கள். கணினியில் நல்ல பழக்கம் உண்டு, ஆனால் டெர்மினலைத் திறந்து பார்த்ததே இல்லை.

முதல் வாரத்தில் அவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது? "இரண்டும் தேவை" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எந்த வேலைக்கு எது, ஏன் என்று உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

#2 குழாய்வழி

டெர்மினல்தான். முதல் நாளே.

வேகத்துக்காகச் சொல்லவில்லை. எல்லாரும் வேகத்தைத்தான் முதலில் சொல்வார்கள், எனக்கு அது இரண்டாம்பட்சம். ஒரு வேலையைக் கமாண்டாக எழுதிச் செய்தால், செய்த வேலையே தன்னுடைய குறிப்பாகவும் மிஞ்சுகிறது. ஆறு மாதம் கழித்து "இந்தப் படங்களை எந்த அளவுக்குச் சுருக்கினோம்?" என்று யாராவது கேட்டால் அந்த வரியை எடுத்துக் காட்டலாம். அதே வரியை அடுத்த ஃபோல்டரில் ஓட்டினால் அதே விளைவு வரும். நீங்கள் சொல்லும் "ஆளுக்கு ஒரு விதம்" தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். கிளிக் செய்து முடித்த வேலைக்கு என்ன தடயம் இருக்கிறது? ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கையேடு தயாரித்தவர்களுக்குத் தெரியும்: அடுத்த பதிப்பில் பட்டன் வேறு மெனுவுக்குள் போயிருக்கும், கையேடு பாதி பொய்யாகிவிடும். எழுபதுகளில் வந்த, உரைக்குள் சொற்களைத் தேடும் கிரெப் கமாண்ட் இன்றும் அதே பெயரில், அடிப்படையில் அதே போலத்தான் தேடுகிறது.

அடுத்தது, சின்னக் கருவிகளை இணைக்கும் வசதி. பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் 1964லேயே, தோட்டத்துக் குழாய்களைப் போல புரோகிராம்களை ஒன்றோடொன்று மாட்ட ஒரு வழி வேண்டும் என்று எழுதினார். 1973ல் கென் தாம்சன் அதை யூனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்த்தார். 1986ல் ஒரு சம்பவம் உண்டு. ஒரு உரையில் அதிகமாக வரும் சொற்களைப் பட்டியலிட, கணினி அறிஞர் டொனால்டு க்னூத் பல பக்கங்களுக்கு அழகான ஒரு நிரலை எழுதினார். அதற்கு மதிப்புரை எழுதிய மெக்கில்ராய், ஆறு கமாண்டுகளை வரிசையாக இணைத்து அதே வேலையைச் செய்து காட்டினார்: சொற்களைத் தனித்தனி வரியாக்கு, சின்ன எழுத்தாக்கு, வரிசைப்படுத்து, ஒரே மாதிரி வரிகளை எண்ணு, எண்ணிக்கைப்படி மறுபடி வரிசைப்படுத்து, தேவையான அளவில் நிறுத்து. இந்த ஆறில் ஒன்றுகூட அந்த வேலைக்காகவே செய்த கருவி கிடையாது. க்னூத்திடம் கேட்கப்பட்டது நிரலை ஒரு கட்டுரை போல எழுதிக் காட்டும் முறைக்கான எடுத்துக்காட்டு என்பதால், அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கருவிகளை மாட்டிக் கழற்றும் அந்தப் பழக்கம் முதல் வாரத்திலேயே கைக்கு வர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

#3 சுட்டுவிரல்

நான் மென்பொருள்களுக்குத் திரை வடிவமைப்பவள். குழாய்வழி சொன்னதில் தடயம் பற்றிய பகுதியை முழுதாக ஏற்கிறேன். "முதல் நாளே" என்பதை ஏற்க முடியாது.

புதியவருக்கு முதல் நாளில் தெரியாதது கமாண்டுகள் மட்டும் இல்லை. இந்த வேலையில் என்னென்ன இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. நல்ல திரை அதைச் சொல்லிவிடும். மெனுவைத் திறந்தால் செய்யக்கூடியவை எல்லாம் கண்ணெதிரே நிற்கும். பார்த்தால் தெரிந்துகொள்வது எளிது, நினைவிலிருந்து எடுப்பது கடினம். மனித மூளை அப்படித்தான். காலியான திரையில் ஒரு கர்சர் மட்டும் மின்னும்போது, என்ன கேட்பது என்று தெரியாதவருக்கு அது எந்தக் கைப்பிடியும் கொடுப்பதில்லை.

1983ல் கணினி ஆய்வாளர் பென் ஷ்னைடர்மன் நேரடிக் கையாளுதல், அதாவது திரையில் தெரிவதையே தொட்டு இழுத்து வேலை செய்வது பற்றி எழுதியபோது சொன்னவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, செய்த செயலைத் திருப்பிக்கொள்ள முடிய வேண்டும் என்பதுதான். அதே ஆண்டு வந்த ஆப்பிள் லிசா கணினியின் திரையிலேயே குப்பைத்தொட்டி இருந்தது. போட்டதை எடுத்துக்கொள்ளலாம். டெர்மினலில் ஆர்எம் என்ற அழிக்கும் கமாண்டைக் கொடுத்தால் ஃபைல் போய்விடுகிறது. திருப்பிக்கொள்ள முடியும் என்று தெரிந்தால்தான் மனிதர்கள் தைரியமாகச் செய்து பார்ப்பார்கள். செய்து பார்க்காமல் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

கோப்புக்காரியின் வேலைக்கே வருகிறேன். பெயர் மாற்றுவதற்கு விண்டோஸில் பவர்டாய்ஸ் தொகுப்பில் பவர்ரீநேம் இருக்கிறது. லினக்ஸில் துனார் ஃபைல் மேலாளரில் மொத்தமாகப் பெயர் மாற்றும் வசதி இருக்கிறது. இரண்டிலும் பழைய பெயர் இடப்பக்கம், வரப்போகும் பெயர் வலப்பக்கம். பட்டனை அழுத்தும் முன்பே நூறு பெயர்களையும் கண்ணால் ஓட்டிப் பார்த்துவிடலாம். எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் வார்ப்புருத் தேடலும் இரண்டிலும் உண்டு, அதனால் "கிளிக் செய்பவர்களுக்குச் சக்தி குறைவு" என்ற பேச்சும் இங்கே நிற்காது. இன்னொன்று, எந்த ஸ்கேன் சாய்ந்திருக்கிறது, எதில் எழுத்து மங்கியிருக்கிறது என்று எந்தக் கமாண்டில் கேட்பீர்கள்? படங்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

#4 குழாய்வழி

> பழைய பெயர் இடப்பக்கம், வரப்போகும் பெயர் வலப்பக்கம்

இந்த முன்னோட்டம் நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அந்த விதிகளை அடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பீர்கள்? "முதல் பெட்டியில் இதை எழுது, இரண்டாவது டிக்கை எடு" என்று வாயால்தான் சொல்ல வேண்டும். நான் ஒரு வரியை மெயிலில் அனுப்பிவிடுவேன்.

#5 செவிவழி

இரண்டு பக்கமும் கண்ணை வைத்தே பேசுகிறீர்கள். நான் பார்வையில்லாதவன், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானோடு வேலை செய்பவன். "உங்களுக்கு டெர்மினல்தானே வசதி, எல்லாம் எழுத்துதானே" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அது பாதிதான் உண்மை.

நல்ல பக்கம் இது. கேட்க வேண்டியதை நான் தட்டுகிறேன், பதில் எழுத்தாக வருகிறது. ஐகானைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெயரிடப்படாத பட்டன்கள் நிறைந்த திரையில் எனக்குக் கேட்பது "பட்டன், பட்டன், பட்டன்" மட்டுமே. அதை வடிவமைத்தவருக்கு அது அழகான திரையாக இருந்திருக்கும்.

கெட்ட பக்கம் இது. ஒரு கமாண்ட் இருநூறு வரிகளைக் கொட்டினால் எனக்குத் தலைப்பு கிடையாது, தாவிச் செல்ல வழி கிடையாது, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கோடுகளால் வரைந்த அட்டவணையில் எந்த எண் எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்று தெரியாது. எவ்வளவு முடிந்தது என்பதைக் குறிகளால் வரைந்து, நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருக்கும் கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்தையும் வாசிப்பான் சொல்லிக்கொண்டே போகும். பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டினால் பிழை இருப்பதே எனக்குத் தெரியாது. ஒழுங்காகப் பெயரிட்ட, கீபோர்டிலேயே எல்லா இடத்துக்கும் போக முடிகிற ஒரு வரைகலைத் திரை இதைவிட எனக்கு எவ்வளவோ மேல்.

அதனால் கோப்புக்காரிக்கு என் வேண்டுகோள்: எதைத் தேர்ந்தெடுத்தாலும் மவுஸ் இல்லாமல் அந்த வேலையை முடிக்க முடிகிறதா என்று ஒருமுறை செய்து பாருங்கள். கமாண்டுகளை வரிசையாக ஒரு ஃபைலில் வைக்கும் ஸ்கிரிப்ட் எழுதினால் விளைவை ஒரு ஃபைலிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். உலாவியில் திறந்து நிதானமாகக் கேட்க முடியும்.

#6 பழைய முனையம்

செவிவழி சொன்னதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. கட்டளை வரியின் குணங்களில் பாதி, அது பிறந்த இயந்திரத்தால் வந்தவை. இன்றைய புதியவர் தடுமாறுவதும் பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

1969ல் பெல் லேப்ஸில் யூனிக்ஸ் தொடங்கியபோது கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உட்கார்ந்தது திரைக்கு முன்னால் அல்ல, டெலிடைப்புக்கு முன்னால். அதில் ஏஎஸ்ஆர்-33 என்ற மாடல் நொடிக்கு 10 எழுத்துகளைக் காகிதத்தில் அடிக்கும். நீளமான ஒரு வரி வந்தால் பல நொடிகள் சத்தத்தோடு காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் கட்டளைகள் இரண்டெழுத்தாகச் சுருங்கியதிலும், வேலை ஒழுங்காக முடிந்தால் ஒன்றுமே சொல்லாமல் இருப்பது வழக்கமானதிலும் வியப்பில்லை. குழாய் வந்த பிறகு அந்த மௌனத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலுக்குள் போகிறது, நடுவில் "வெற்றிகரமாக முடிந்தது" என்று ஒரு வரி வந்தால் அதையும் தரவு என்று எடுத்துக்கொள்ளும்.

இந்த மௌனம்தான் புதியவரை மிகவும் பயமுறுத்துகிறது. ஃபைலை நகலெடுக்கும் கட்டளையைக் கொடுக்கிறார், அடுத்த வரியில் மறுபடி கர்சர் நிற்கிறது. நடந்ததா, நடக்கவில்லையா? இன்னொரு முறை கொடுக்கிறார். வரைகலையில் ஐகான் கண்ணெதிரே அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

நான் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதல் மணி நேரத்தில் இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வேன், இடப்பக்கம் டெர்மினல், வலப்பக்கம் அதே ஃபோல்டரைத் திறந்த ஃபைல் மேலாளர். இங்கே எம்கேடிர் தட்டினால் அங்கே ஃபோல்டர் முளைக்கும். இங்கே எம்வி தட்டினால் அங்கே பெயர் மாறும். அங்கே மவுஸால் இழுத்துப் போட்டதை இங்கே எல்எஸ் கொடுத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே வட்டைத்தான் காட்டுகின்றன என்பது புரிந்த நிமிடத்தில் பயம் போய்விடும். அதற்கப்புறம் எது முதலில் என்ற கேள்வியை அவர்கள் கேட்பதேயில்லை.

#7 கோப்புக்காரி

பழைய முனையம் ஐயா, இரண்டு ஜன்னல் யோசனை அருமை. நிச்சயம் செய்து பார்ப்போம். செவிவழி, மவுஸ் இல்லாமல் சோதிக்கச் சொன்னதும் குறித்துக்கொண்டேன். எங்கள் அட்டவணைகளை எல்லாம் மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

குழுவில் பெரிய சண்டை நடப்பது பாதுகாப்பைப் பற்றித்தான். மூலப் படங்கள் ஈடு செய்ய முடியாதவை. சில ஆவணங்கள் ஸ்கேன் செய்த பிறகு இன்னும் நைந்துவிட்டன, மறுபடி எடுக்க முடியாது. "டெர்மினல் ஆபத்து, ஒரு எழுத்து மாறினால் எல்லாம் போச்சு" என்பது ஒரு தரப்பு. "கிளிக்கும் அதே ஆபத்துதான்" என்பது இன்னொரு தரப்பு. எது சரி?

#8 இரவுப்பணி

சர்வர் பராமரிப்பது என் தொழில், அதனால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது. பொதுவில் ஆவணமான இரண்டு நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2017 பிப்ரவரி 28. அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் சில சர்வர்களை மட்டும் விலக்க ஒரு கமாண்ட் கொடுக்கப்பட்டது. அதில் ஒரு உள்ளீடு தவறிவிட்டது, நினைத்ததைவிட மிக அதிகமான சர்வர்கள் விலகின. பல மணி நேரம் எத்தனையோ இணையத்தளங்கள் படுத்துவிட்டன. "பார்த்தாயா, கமாண்ட் லைன்!" என்று சொல்லலாம்.

2020 ஆகஸ்ட். சிட்டிபேங்க், ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. பயன்படுத்தியது ஒரு வரைகலைத் திரை. அசல் தொகை வெளியே போகாமல் இருக்க மூன்று பெட்டிகளில் குறி வைக்க வேண்டும், ஒன்றில் மட்டும் வைத்தார்கள். மூன்று பேர் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். போனது ஏறத்தாழ 90 கோடி டாலர். ஒரு பகுதியைத் திரும்பப் பெற நீதிமன்றத்துக்குப் போய், 2022ல்தான் மேல்முறையீட்டில் வங்கிக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது.

இரண்டிலும் கருவி ஒரே தவறைச் செய்திருக்கிறது. என்ன நடக்கப்போகிறது என்பதை நடக்கும் முன் மனிதருக்குப் புரியும்படி காட்டவில்லை, அளவு மீறியபோது தடுக்கவும் இல்லை. அமேசான் அதற்கப்புறம் செய்ததையும் கவனியுங்கள். கமாண்டை எடுத்துவிட்டுப் பட்டன் வைக்கவில்லை. சர்வர்களை மெதுவாகத்தான் விலக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவே விடாது என்று அந்தக் கருவியையே மாற்றினார்கள்.

அதனால் உங்கள் குழுவில் சண்டையை நிறுத்திவிட்டு இவற்றைச் செய்யுங்கள். மூலப் படங்கள் இருக்கும் ஃபோல்டரை வாசிப்பு மட்டும் என்று பூட்டுங்கள். மவுஸால் இழுத்தாலும் கமாண்டால் தள்ளினாலும் அது அசையக் கூடாது. அப்புறம், எம்வி கமாண்ட் அதே பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் கேட்காமலே மேலெழுதிவிடும், எழுதாமல் இருக்கச் சொல்லும் ஆப்ஷன் உண்டு, அதைப் பழக்கமாக்குங்கள். படம் சுருக்க இமேஜ்மேஜிக் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் மாக்ரிஃபை என்ற கமாண்ட் மூலப் படத்தின் மேலேயே எழுதும் இயல்புடையது, சிறிய படங்கள் வேறு ஃபோல்டரில் விழும்படி இலக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் உதாரண வரிகள் பலவற்றில் அந்த இலக்கு இருக்காது. இந்த ஒன்றை மட்டும் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

#9 வரைகோல்

நான் கட்டட வரைபடம் போடுபவன். எங்கள் தொழிலில் இந்தச் சண்டையே வந்ததில்லை, காரணத்தைச் சொல்கிறேன். 1982ல் வந்த ஆட்டோகேடில் வரைபடம் நடுவில் இருக்கும், கீழே ஒரு கமாண்ட் வரி இருக்கும். இடது கை "எல்" தட்டி எண்டர் அழுத்தும், வலது கை மவுஸால் கோடு தொடங்கும் இடத்தைத் தொடும். நீளமும் கோணமும் மறுபடி கீபோர்டில். எங்கே என்பதைக் கண்ணும் கையும் சொல்கின்றன, எவ்வளவு என்பதை எழுத்து சொல்கிறது. மில்லிமீட்டர் துல்லியத்தை மவுஸால் பிடிக்க முடியாது. இரண்டு சுவர் சேரும் மூலையை எண்களால் யோசிக்கவும் பிடிக்காது.

விரிதாளும் அப்படித்தானே? கட்டங்களைக் கண்ணால் பார்க்கிறோம், உள்ளே சூத்திரத்தை எழுத்தால் தட்டுகிறோம். பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் ஒரு பட்டனை அழுத்தினால் அதற்குச் சமமான பைதான் நிரல் வரியைத் தகவல் பகுதியில் காட்டும். கிளிக்கில் தொடங்கியவர் அந்த வரியை நகலெடுத்து ஸ்கிரிப்ட் ஆக்கிக்கொள்கிறார். குழாய்வழி கேட்ட தடயத்தையும் சுட்டுவிரல் கேட்ட கண்பார்வையையும் ஒரே மென்பொருள் கொடுக்க முடியும். எல்லா மென்பொருளும் ஏன் இதைச் செய்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

#10 புதுவரவு

அக்கா, நானும் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். இப்போது என்ன வேண்டுமென்று சொன்னால் ஏஐ கமாண்டை எழுதிக் கொடுத்துவிடுகிறதே? நகலெடுத்து ஒட்டினால் போதும் அல்லவா? கமாண்டுகளை ஏன் கற்க வேண்டும்?

#11 இரவுப்பணி

தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் கண்டிப்பாகவே பதில் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

எழுதிக் கொடுப்பதை வாங்கிக்கொள், குறையில்லை. ஆனால் ஒட்டும் முன் வாசிக்கத் தெரிய வேண்டும். கமாண்ட் லைன் உன்னிடம் இருக்கும் முழு அதிகாரத்தோடும் ஓடுகிறது, நீ நம்பி ஒட்டியதா, புரிந்து ஒட்டியதா என்று அது பார்ப்பதில்லை. 2024லிருந்து கிளிக்ஃபிக்ஸ் என்ற ஒரு மோசடி பரவி வருகிறது. "நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்யுங்கள்" என்று ஒரு போலிப் பக்கம் வரும். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்து, கன்ட்ரோல் வி அழுத்து, எண்டர் அழுத்து என்று படிப்படியாகச் சொல்லும். ஒட்டப்படுவது கடவுச்சொல் திருடும் நிரலை இறக்கும் கமாண்ட். மேக் டெர்மினலுக்கும் இதே மாதிரி வந்திருக்கிறது. "உதவி என்றால் ஒரு வரியை ஒட்டுவது" என்று நாம் எல்லாரும் பழக்கிவிட்ட பழக்கத்தின் மேல்தான் அந்த மோசடியே நிற்கிறது.

ஒரு வரி வந்தால் முதலில் கேட்க வேண்டியவை: இது எதை அழிக்கும், எதன் மேல் எழுதும், இணையத்திலிருந்து எதையாவது இறக்கி ஓட்டுகிறதா, நிர்வாகி அதிகாரம் கேட்கிறதா. இவற்றைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கமாண்ட் தெரிந்தால் போதும், ஆப்ஷன்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தெரியாத சொல்லுக்கு அந்தக் கமாண்டின் உதவிப் பக்கத்தைத் திற. அதற்கப்புறம் நகல் ஃபோல்டரில் ஓட்டிப் பார்.

#12 கோப்புக்காரி

இதுவரை வந்தவற்றை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். முதல் வாரம் படங்களைப் பார்ப்பது, சாய்ந்ததைப் பிரிப்பது, பெயர் மாற்றத்துக்கு முன்னோட்டம் காட்டும் கருவி. அதோடு ஐயா சொன்ன இரண்டு ஜன்னல் பயிற்சி. படம் சுருக்குவதும் பேக்கப்பும் நாங்கள் எழுதி, சோதித்து, விளக்கக் குறிப்புகளோடு வைத்திருக்கும் ஸ்கிரிப்டில் மட்டும். புதியவர்கள் அதை ஓட்டுவார்கள், வரி வரியாக வாசிப்பார்கள், எழுதுவது பின்னால். மூலப் படங்களை இன்றே பூட்டிவிட்டோம்.

ஒரு விசித்திரம் மிச்சமிருக்கிறது. எங்கள் ஃபைல் பெயர்கள் பல தமிழில் இருக்கின்றன. "கொடை" என்று தேடினால் சில ஃபைல்கள் வருகின்றன, கண்ணெதிரே இருக்கும் சில ஃபைல்கள் வருவதில்லை. ஒரே ஃபோல்டரில் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயரோடு இரண்டு ஃபைல்கள் நிற்கின்றன! டெர்மினலில் கிரெப் கொடுத்தாலும் இதே கதைதான். எங்கள் சேகரிப்பில் ஒரு பகுதி ஒரு பழைய மேக் கணினியின் வட்டிலிருந்து வந்தது, இப்போது எல்லாம் லினக்ஸில் இருக்கிறது. அதனாலா?

#13 எழுத்தெண்ணி

அதனால்தான், கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். "க" வுக்குப் பிறகு ஒகரக் குறி என்ற ஒரே குறியீடு வரலாம். அல்லது "க" வுக்குப் பிறகு எகரக் குறி, அதற்குப் பிறகு கால் என்று இரண்டு குறியீடுகள் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், யூனிகோடும் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. ஓ, ஔ வரிசைகளுக்கும் இதே நிலைதான். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். லினக்ஸ் கோப்பு முறைமைகள் பொதுவாகக் கொடுத்த பைட்டுகளை, அதாவது பெயர் சேமிக்கப்படும் எண்களை, அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு வடிவமும் இரண்டு தனிப் பெயர்களாக ஒரே ஃபோல்டரில் இருக்க முடிகிறது. கிரெப் இரண்டையும் சமப்படுத்திப் பார்க்காது.

இந்த இடத்தில் குழாய்வழி சொன்ன ஆறு கமாண்ட் கதைக்கு ஒரு சேர்க்கை. அந்த வரிசையைத் தமிழ் உரையில் ஓட்டினால் ஒரு சொல்கூட மிஞ்சாது, முதல் படியே ஆங்கில எழுத்து அல்லாததை எல்லாம் தூக்கி எறிந்துவிடும். அந்தப் படியைச் செய்யும் டிஆர் கமாண்ட், லினக்ஸில் இருக்கும் இன்றைய ஜிஎன்யூ பதிப்பிலும், இன்னும் பைட் பைட்டாகத்தான் பார்க்கிறது. "தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு 5 குறியீடு, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். எண்ணிச் சொல்லும் டபிள்யூசி கமாண்டில் எந்த ஆப்ஷன் கொடுக்கிறோமோ அதைப் பொறுத்து 5 வரும், அல்லது 15 வரும், மூன்று வராது. முதல் படியில் டிஆருக்குப் பதிலாகக் கிரெப்பின் பெர்ல் வகைத் தேடலில் யூனிகோடின் தமிழ் எழுத்து வகையைக் கேட்டால் சொற்கள் சரியாகப் பிரியும். சின்ன எழுத்தாக்கும் இரண்டாவது படி நமக்குத் தேவையே இல்லை.

டெர்மினல் திரையே கட்டம் கட்டமாக இருப்பதால் அகலமான நம் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும், கர்சர் எழுத்துக்கு நடுவில் நிற்பதும் நடக்கும். உள்ளே இருக்கும் எழுத்து கெடவில்லை, காட்டும் விதம்தான் கெட்டிருக்கிறது. தமிழ்ப் பெயர்களைக் கண்ணால் சரிபார்க்க ஃபைல் மேலாளர்தான் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

தீர்வு: கன்வ்எம்வி என்ற கருவி. ஃபோல்டருக்குள் போய் எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு, அதாவது என்எஃப்சிக்கு மாற்றச் சொல்லலாம். இதில் எனக்குப் பிடித்தது, சும்மா ஓட்டினால் அது எதையும் மாற்றாது. என்ன மாற்றப் போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். உண்மையிலேயே மாற்ற "சோதனை வேண்டாம்" என்ற ஆப்ஷனைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

#14 சுட்டுவிரல்

இரவுப்பணி கேட்ட கருவி இதுதான். நான் முன்னோட்டம் என்று சொன்னதும் இதைத்தான். டெர்மினலுக்குள்ளேயே இருக்கிறது என்பதில் மகிழ்ச்சி. கன்வ்எம்வி மாதிரி எல்லாக் கமாண்டுகளும் இயல்பாகவே இப்படி நடந்துகொண்டால், முதல் நாளே டெர்மினல் என்று நானே சொல்வேன்.

#15 குழாய்வழி

அது நியாயமான நிபந்தனை. என் பக்கத்திலிருந்தும் ஒன்று: பெயர் மாற்றும் வரைகலைக் கருவி தன் விதிகளை ஒரு ஃபைலாக ஏற்றுமதி செய்ய விட்டால், அந்த வேலைக்கு டெர்மினலை நானும் வற்புறுத்த மாட்டேன். நாங்கள் ஸ்கிரிப்ட் எழுதும்போது, எந்த ஆப்ஷனும் கொடுக்காவிட்டால் பட்டியல் மட்டும் காட்டும்படி எழுதுவதை இனி விதியாக்கிக்கொள்கிறேன். கோப்புக்காரி, உங்கள் சுருக்கும் ஸ்கிரிப்டை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், அதில் சேர்த்துத் தருகிறேன்.

#16 கோப்புக்காரி

எழுத்தெண்ணிக்கு மிக்க நன்றி. மூலத்தில் கை வைக்காமல் ஒரு நகலில் கன்வ்எம்வி ஓட்டினேன். மாற வேண்டிய பெயர்கள் நீளமான பட்டியலாக வந்தன, எல்லாம் கொ, போ, தோ என்ற வகை எழுத்துகள் உள்ளவை. ஒரே பெயரில் நின்ற இரட்டைகளும் அதில் தெரிந்தன. அவற்றில் சில ஒரே ஸ்கேனின் இரண்டு நகல்கள். வேறு சில ஒரே ஆவணத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் போலத் தெரிகின்றன. பட்டியலை உரை ஃபைலாகச் சேமித்துவிட்டேன். செவிவழி, நீங்கள் சொன்னபடி வரிக்கு ஒரு பெயர், கோடு போட்ட அட்டவணை எதுவும் இல்லை. இரட்டைகளைப் புதியவர்கள் படக்காட்டியில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்து, எது நகல், எது பின்பக்கம் என்று பட்டியலில் குறிப்பார்கள். முதல் வாரத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. குறித்து முடித்த பிறகுதான் "சோதனை வேண்டாம்".

குழாய்வழி, ஸ்கிரிப்டை அனுப்பிவிட்டேன்.